எங்கள் தெருத் தும்மல்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று பயப்படுவார்கள். ஒன்றுமில்லை, எங்கள் மாவு மில்லில் மிளகாய் அரைக்கத் தொடங்கிவிட்டோம், அவ்வளவுதான். வெயில் ஏற ஏற ஒவ்வொரு மொட்டைமாடியிலும் மிளகாய் காயும். கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கிற பதம் வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு மில்லுக்கு வருவார்கள். ஒரு வருஷக் குழம்புக்கான தூளை அந்தக் கோடைக்குள் அரைத்து வைத்துக்கொள்ளாத வீடு எங்கள் செந்துறையில் குறைவு. தா.பழூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த மகளுக்கும் சேர்த்து அரைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறைதான். மாவுக்கு ஒரு மெஷின், மிளகாய்க்கு ஒரு மெஷின், ஒரு தராசு, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பூலாம்பாடியிலிருந்து கல்யாணமாகி நான் இங்கே வந்த புதிதில் என் கணவர் வேறு ஒருவருடைய மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொந்தமாகப் போட்டபோது, "நீயும் நில்லு, ரெண்டு மெஷினையும் ஒருத்தன் பாக்க முடியாது" என்றார். நின்றேன். மாவு மெஷின் அவருடையது, மிளகாய் மெஷின் என்னுடையது என்று ஆகிப்போனது. அவருக்குப் பொறுமை அதிகம், மாவுக்கு அது சரி. எனக்கு இருக்கிற வாய்க்கு மிளகாய்தான் பொருத்தம் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொன்னவர்களுக்கும் நான்தான் அரைத்துக் கொடுத்தேன்.

மிளகாய் மெஷினில் நிற்பவளுக்கு ஊர்க் குழம்பெல்லாம் அத்துப்படி. யார் வீட்டில் மல்லி தூக்கலாகப் போடுவார்கள், யார் மிளகைக் குறைப்பார்கள், யார் துவரம்பருப்பை அள்ளிப் போட்டுத் தூளைப் பெருக்கிக்கொள்வார்கள், எல்லாம் தெரியும். வெளியே சொன்னதில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால், குழம்பை வாயில் வைத்ததுமே யார் வீட்டுத் தூள் என்று கண்டுபிடித்துவிடுவேன். பேசாமல் சாப்பிடு என்று என் கணவர் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டுவார். மற்ற மாதங்களில் புட்டுமாவு, கேழ்வரகு, சத்துமாவு என்று மில் ஏதோ ஓடும். குடும்பம் நிமிர்வது மிளகாய்க் காலத்தில்தான்.

எதிர்வீட்டு அத்தை எங்களுக்கு உறவில்லை. வந்த அன்றைக்கு அத்தை என்று கூப்பிட்டேன், அது அப்படியே நின்றுவிட்டது. அவரும் மாமாவும் காட்டில் கடலையும் முந்திரியும் பார்ப்பவர்கள். காட்டு வேலை இல்லாத நேரமெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து எங்கள் மில்லைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் உள்ளே போயிருந்தால், "இருங்க, சோறு திங்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்று வருகிறவர்களை நிறுத்திவைப்பது அவர்தான். தெருவிலேயே பெரிய தும்மலும் அவருடையதுதான். ஒன்றோடு நிற்காது, வரிசையாக வரும். ஒரு தும்மலுக்கும் அடுத்த தும்மலுக்கும் நடுவில் எங்களைத் திட்டிக்கொள்வார். "நாசமாப் போற மில்லு" என்பார், தும்முவார், "ஏ புள்ள, எனக்கு எப்ப அரைச்சுத் தரப் போற" என்பார், மறுபடியும் தும்முவார்.

போன வருஷம் மாசியில் அத்தை வீட்டு வாசலில் சாக்கடை உடைந்து தண்ணீர் தெருவில் ஓடியது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், ஒரு திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கக் கிளம்பினார். எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், மனுவைக் கொடுத்துவிட்டு, டவுனில் ஒரு டீயும் வடையும் சாப்பிட்டு வருவார்கள். வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை சாக்கடையைச் சொன்னதும், எழுதுகிறவர், "ஒரே ஒரு குறையச் சொன்னா எடுக்க மாட்டாங்கம்மா, வேற ஏதாவது தொந்தரவு இருக்கா" என்று கேட்டிருக்கிறார். அத்தைக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். எதிரே மில் இருப்பதையும், மிளகாய் அரைத்தால் தெருவே தும்முவதையும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்தப் புண்ணியவான் அதை மூச்சுத்திணறல் என்றும் உயிருக்கு ஆபத்தான காற்று மாசு என்றும் எழுதி, அத்தையிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாக்கடை இன்றைக்கும் அப்படியேதான் ஓடுகிறது. மில்லுக்குத்தான் ஆள் வந்தது.

பங்குனி பிறந்து மூட்டைகள் வரத் தொடங்கிய வாரம் அது. அரியலூரிலிருந்து ஜீப்பில் வந்த அதிகாரிகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். குடியிருப்புக்கு நடுவில் அனுமதி வாங்காமல் தூசி கிளப்பும் தொழில் நடத்துகிறோம் என்று சொல்லி, மில்லை ஓட்டக் கூடாது என்ற நோட்டீசைக் கதவில் ஒட்டினார்கள். என் கணவர் உள்ளே ஓடிப் போய்ப் பஞ்சாயத்து லைசென்சை எடுத்து வந்து காட்டினார். "அது வேற, இது வேற" என்றார்கள். வேறு ஒன்று வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் யாரும் எங்களைக் கேட்டதுமில்லை, எங்களுக்குச் சொன்னதுமில்லை. கரண்டைத் துண்டிக்கவும் உத்தரவு போய்விட்டது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். அவர்கள் கிளம்பின கையோடு மெயின் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று போனது. கிளம்பின வெள்ளைத் தூசி எங்கள் தெருவுக்குள் வந்து, நோட்டீஸ் ஒட்டிய பசையின் மேலேயே உட்கார்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், அந்த லாரிக்கு ஒட்ட இன்னொரு நோட்டீஸ் குடுங்க என்று ஜீப் பின்னால் ஓடியிருப்பேன். என் கணவர்தான் கையைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியானம் கரண்ட் ஆபீசிலிருந்து ஃபியூஸ் பிடுங்க வந்தவர் எங்களுக்குத் தெரிந்த தம்பிதான். ஏணியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு ஏறாமல் நின்றார்.

"அக்கா, எங்க வூட்டுக்காரி காலையில சத்துமாவுக்குக் குடுத்துட்டுப் போனாளாமே."

"உள்ளதான் இருக்கு."

தலையைச் சொறிந்தார். "அத மட்டும் அரைச்சுடுங்க. நான் டீ குடிச்சுட்டு வந்து புடுங்குறேன்."

அரைத்துக் கொடுத்தோம். சூடு ஆறாத மாவுப் பையை வண்டியில் மாட்டி, எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார். பாவம், அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

கோபமெல்லாம் சேர்ந்து சாயங்காலம் அத்தை தலையில் விழுந்தது. மனு அவருடையது என்று அதற்குள் தெருவுக்குத் தெரிந்துபோயிருந்தது. வந்தவர் எங்கள் வீட்டுப் படியேறாமல் கீழேயே நின்றார். "நான் சாக்கடைக்குத்தான் புள்ள போனேன். அவன் கேட்டான். என் வாய் சும்மா இருக்குமா, சொல்லித் தொலைச்சுட்டேன்" என்று நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். அறைந்து சாத்தினேன் என்பதுதான் சரி. அதற்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கோலம் போடக்கூட அவர் உள்ளே போகிற நேரம் பார்த்து வெளியே வர வேண்டியிருந்தது.

மில் ஓடாத எங்கள் தெரு எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அடுத்த தெருவில் பேசுவது கேட்டது. கொடுத்திருந்த மூட்டைகளை ஒவ்வொருவராக வந்து, சொந்தப் பொருளையே திருடுகிறவர்கள் போலத் தயங்கித் தயங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். "அவசரமில்ல, கரண்ட் வந்ததும் கொண்டாரேன்" என்றார்கள். மிளகாய் காத்திருக்காது, ஒரு மழை விழுந்தால் நமுத்துப்போகும். அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கணவர் வழக்கம்போலக் காலையில் மில்லைத் திறப்பார், பெருக்குவார், பெல்ட்டைத் தடவிப் பார்ப்பார், பெஞ்சில் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் எழுந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்க வந்துவிடுவார். அந்த நாட்களில் அவர் உரித்த சின்ன வெங்காயத்தில் ஒரு கல்யாணத்துக்கே சாம்பார் வைத்திருக்கலாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒருநாள் வெங்காயத்தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த சீசன் போச்சுன்னா ரெண்டு மெஷினையும் வித்துட வேண்டியதுதான்." அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

இரண்டு பேருமாக அரியலூருக்கு அலைந்தோம். ஆபீசில் இருந்த மேடம் சிறு வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நேரில் வந்து மில் ஓடுவதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதாகவும், அதை வைத்துத்தான் திறக்க விடுவதா, ஒரேயடியாகச் சீல் வைப்பதா என்று முடிவாகும் என்றும் சொன்னார். அந்த ஒருநாளைக்கு மட்டும் கரண்ட் கொடுக்கச் சொன்னார்.

நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சுவரைக் கழுவி வெள்ளையடித்தோம். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டினோம். மிளகாய் மெஷினின் வாய்க்கு இரட்டைத் துணியில் பை தைத்து மாட்டினேன். யோசனையும் தெளிவாக வைத்திருந்தோம். முதலில் கேழ்வரகு ஓட்டிக் காட்டுவது, பிறகு கைப்பிடி மிளகாயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஓட்டுவது. மெதுவாக விட்டால் நெடி அவ்வளவாகக் கிளம்பாது.

இந்த யோசனையைத் தெருவில் யாருக்கும் சொல்லாததுதான் வினை. நான் பேசாததால் தவித்துப்போன அத்தை, தன்னால் ஆனதைச் செய்வோம் என்று வீடு வீடாகப் போயிருக்கிறார். "நாளைக்கு மேடம் வராங்க. இந்த மில்லு நமக்கு எம்புட்டு வேணும்னு அவங்க கண்ணால பாக்கணும். ஆளுக்கொரு மூட்டையோட வந்து வரிசையா நில்லுங்க" என்று சொல்லிவைத்திருக்கிறார். வந்தார்கள். எங்கள் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் நின்றார்கள். ஒருத்தியாவது கேழ்வரகு கொண்டுவந்திருக்கக் கூடாதா? அரைபடாமல் வீட்டில் தேங்கிக் கிடந்தது மிளகாய்தானே, அத்தனை பேர் இடுப்பிலும் மிளகாய்தான். அதிலும் பாதிப் பேர் அன்று காலையில்தான் வறுத்து எடுத்திருந்தார்கள். மேடம் நல்லபடியாகப் பார்க்க வேண்டும் அல்லவா, அதனால் மொறுமொறுவென்று வறுத்திருந்தார்கள்.

ஜீப் வந்து நின்றது. மேடமும், கையில் ஏதோ கருவியோடு ஓர் உதவியாளரும் உள்ளே வந்தார்கள். நான் கேழ்வரகைத் தேடுவதற்குள், வரிசையில் முதலில் நின்றவள், "மேடம் பாக்கட்டும்க்கா" என்று தன் மூட்டையை அப்படியே ஓடிக்கொண்டிருந்த மிளகாய் மெஷினில் கவிழ்த்துவிட்டாள். துணிப்பை ஊதிப் புடைத்தது. ஓர் ஓரத்தில் தையல் விட்டது.

முதலில் தும்மியது ஜீப் டிரைவர், அதுவும் வெளியே நின்றுகொண்டு. பிறகு உதவியாளர். அவர் தும்மின வேகத்தில் கருவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே ஓடினார். மேடம் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வழி தெரியாமல் தடுமாற, அத்தை கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் தும்மினார்கள், ஒருத்தியும் நகரவில்லை. என் கணவர் மெஷினை நிறுத்தினார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சு வார்த்தை இல்லாத வீடாயிற்றே என்பதையும் மறந்து நானும் எதிர்வீட்டுக்குப் போனேன்.

அத்தை கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மனு குடுத்தது நீங்கதானேம்மா?"

"நான்தாங்க. வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அது அப்புறம். மிளகா அரைச்சா உங்களுக்குத் தும்மல் வருதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரும் சொல்லத்தான் வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது. வழக்கம்போல வரிசையாக வந்தது. ஓய்ந்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வருதுங்க. இந்த மில்லு வந்த நாள்லேருந்து வருது. அது எங்க தெருத் தும்மல், நாங்க தும்மிக்கிறோம். உங்களுக்கு ஏங்க அது?"

மேடம் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. அத்தனை நாள் பிடிவாதமாகப் பிடித்து வைத்திருந்த கோபம் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அத்தையை எனக்கு அன்றைக்குப் பிடித்த மாதிரி அதற்கு முன்னால் பிடித்ததில்லை.

சிரித்து முடித்துவிட்டு மேடம் என்னிடம் திரும்பினார். "இவங்களுக்குப் பழகிடுச்சு, சரி. இந்தத் தெருவுல கைக்குழந்தை ஏதாவது இருக்கா?" இருந்தது, மூன்றாவது வீட்டில். அதன் அம்மாவும் மூட்டையோடு வரிசையில்தான் நின்றிருந்தாள். வாசலுக்கு வந்து அந்த வீட்டைக் காட்டினேன்.

உத்தரவு பாதிக்குப் பாதியாக வந்தது. மாவு அரைக்கலாம். மிளகாய் இந்த இடத்தில் கூடாது. வேண்டுமானால் வீடுகளுக்குத் தள்ளி, ஷெட் போட்டு, தூசி பிடிக்கும் கருவி வைத்து, அனுமதி வாங்கி அரைத்துக்கொள்ளலாம். அதற்கெல்லாம் நாங்கள் எங்கே போவது? வந்தவர்கள் மிளகாய் மெஷினுக்குத் துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். விற்க வேண்டியதில்லை, மில் பிழைத்தது என்று என் கணவருக்கு அப்படி ஒரு நிம்மதி. "பாதி இருக்குல்ல" என்றார். இருந்தது. அவருடைய பாதி இருந்தது. "நீயும் இங்க வந்து நில்லு" என்று மாவு மெஷினில் எனக்கு இடம் விட்டார். அவர் நல்ல மனுஷர். ஆனால் ஒரு மாவு மெஷினில் இரண்டு பேருக்கு வேலை கிடையாது. நான் வீட்டிலேயே சத்துமாவுக்கு வறுத்துப் பொட்டலம் கட்ட ஆரம்பித்தேன். தெரிந்த கடைகளில் போடுகிறோம். குடும்பம் நடக்கிறது.

இந்த வருஷம் பங்குனியில் அத்தை தன் மிளகாய் மூட்டையோடு வந்து நின்றார். அரியலூருக்கு வெளியே, வீடே இல்லாத இடத்தில் பெரிய மில் ஒன்று இருக்கிறது, தெருவில் எல்லோரும் இப்போது அங்கேதான் போகிறார்கள். "எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. கூட வா புள்ள, நீ பதம் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி" என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் மூட்டையை இரண்டு பேர் காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு போனோம். கண்டக்டர் மூட்டையை மோந்து பார்த்துவிட்டு, "பஸ்ல பிரிச்சுடாதீங்கம்மா" என்றார். அத்தை சிரித்துக்கொண்டே வந்தார்.

பெரிய ஷெட். எங்கள் வீடே உள்ளே இரண்டு போடலாம். வரிசையில் நின்றோம். என் மெஷினைப் போல மூன்று மடங்கு இருக்கிற மெஷின் முன்னால் முகத்தில் துணி கட்டிய ஆள் ஒருவர் நின்றிருந்தார். எங்கள் மூட்டையை வாங்கிக் கொட்டினார். நான் தூளைப் பதம் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனேன். மில் போட்ட நாளிலிருந்து மிளகாய் நெடியில் நான் தும்மியது கிடையாது. தெருவே தும்மும்போதும் நான் மட்டும் நிற்பேன். அங்கே தும்மினேன். ஒன்றோடு நிற்கவில்லை, அத்தையைப் போல வரிசையாக வந்தது. நீட்டின கையில் தூள் விழவே இல்லை, கையை மூக்குக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

"பழக்கமில்லாதவங்கல்லாம் வெளிய நில்லுங்கம்மா" என்றார் அந்த ஆள், தப்பாக ஒன்றும் சொல்லாமல், சாதாரணமாக.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்துய்யா சொல்ற, இவ யாருன்னு தெரியுமா" என்று தும்மிக்கொண்டே அவரிடம் சண்டைக்குப் போனார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

"விடுங்க அத்தை. அவர் சொன்னது சரிதான். எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அடுத்த தும்மல் வந்துவிட்டது.